சாவுக்குச் சூட்டும் மாலை

இளமை சாவை நம்புவதில்லை. நிலையாமை அதிகாரத்தை மனனஞ்செய்து பரீட்சையில் புள்ளி பெறும் மாணவனும், அது பிறர்க்கே விதிக்கப்பட்டதென எண்ணுகிறான். வயதின் இயல்பு இதுவென்று கூறி மூத்தோர் ஒதுங்கிவிடுவர். இயல்பேயாயினும், அதனை ஊட்டி வளர்ப்போர் யார் என்பதே இங்கு எழுப்பவேண்டிய வினாவாகும்.

அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் டீன், 1955 செப்டம்பர் 30ஆம் நாள் கலிபோர்னிய நெடுஞ்சாலையில் கார் விபத்தில் மாண்டபோது அவருக்கு வயது 24. அதற்கு முந்திய இரு வாரங்களுக்குள்தான், வீதியில் நிதானம் வேண்டுமென இளைஞருக்கு உரைக்கும் பிரசாரப் படமொன்றில் அவர் தோன்றியிருந்தார். இறந்த அன்றும், மோதலுக்கு ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களுக்கு முன், மிகைவேகத்திற்காகப் பொலிசார் அவருக்குத் தண்டச்சீட்டு வழங்கியிருந்தனர். உலகமோ அந்தச் சீட்டை மறந்து, அவரது அழகிய முகத்தை மட்டும் சுவரில் மாட்டிக்கொண்டது.

அன்று ஒருவனை நட்சத்திரமாக்கப் படக்கம்பனி வேண்டியிருந்தது. இன்று ஒரு கைத்தொலைபேசி போதும். 2023 மே 3ஆம் நாள், யூரியூப்பில் புகழ்பெற்ற அகஸ்தய் சௌகான் யமுனா விரைவுச்சாலையில் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தைத் தொட முயன்று உயிரிழந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே முன்சில்லைத் தூக்கிச் சாகசம் காட்ட முயன்ற டி.டி.எஃப். வாசன் எலும்பு முறிவோடு தப்பினார். அவருடைய சாரதி அனுமதிப்பத்திரம் பத்து ஆண்டுகளுக்கு இரத்தாயிற்று. இவர்களை அவ்வேகத்திற்கு உந்தியது இயந்திரம் மட்டுமன்று. பார்த்தும் பகிர்ந்தும் கைதட்டிய இலட்சக்கணக்கானோரும் அதிற் பங்காளிகளே.

கொழும்பு இதற்கு விலக்கோ? வெள்ளவத்தைக் கடலோரத் தண்டவாளத்தில் நின்று படம் பிடிப்போரும், புகையிரத மிதிபலகையில் தொங்குவோரும், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு பறப்போரும் எவரைக் கண்டு பழகினர்? இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்டோர் மாள்கின்றனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளிற் சென்றோரே பெருந்தொகையினர். ஒவ்வொரு சாவின் பின்னும் மதிலில் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்படும். காலன் கவர்ந்தான் என்று அதில் அச்சிடப்படும். காலன்மீது பழிபோடுதல் எளிது. அவன் மறுத்துப் பேசுவதில்லை.

துணிவின்றி இளமை ஏது என்பர் சிலர். 1983 ஆடியில் இதே நகரில், வெறியர் கூட்டம் வாசலில் நிற்க, தமிழ் அயலவரைத் தம் வீட்டினுள் ஒளித்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். அதுவே துணிவு. அங்கே ஓர் உயிர் மற்றோர் உயிருக்காகப் பணயம் வைக்கப்பட்டது. பத்து விநாடிக் காணொளிக்காகத் தாயின் வாழ்நாளைப் பணயம் வைப்பதை அப்பெயரால் அழைத்தல் தகாது. போரில், வாழ விரும்பியும் வாழக் கிடையாத இளையோர் எத்தனையோ பேரைப் பறிகொடுத்த சமூகம் இது. அதன் பிள்ளைகள் கிடைத்த உயிரை வேடிக்கைக்கு எறிவது வீரமாகாது.

அஞ்சலிச் சுவரொட்டிக்குப் பணந்திரட்டும் நண்பர்கள், அதற்கு முதல்நாள் இரவே அவனுடைய மோட்டார் சைக்கிள் திறப்பைப் பறித்து வைத்திருக்கலாம். நட்பின் கடமை அதுவேயாகும்.