ஒரே நாளில் முடிந்துவிடுமா முடி நடவு?

பத்திரிகையைப் புரட்டினாலும் கைப்பேசியைத் திறந்தாலும் அந்த விளம்பரம் வந்து நிற்கிறது. இடப்பக்கம் வழுக்கை, வலப்பக்கம் அடர்ந்த கிராப்பு. நடுவே, 'ஒரே நாளில், வலியில்லாமல், தழும்பில்லாமல், வாழ்நாள் முழுக்க நிரந்தர முடி' என்ற வாக்குறுதி. கீழே மாதத் தவணை வசதி வேறு. இந்த வரியில் எதுவும் முழுப் பொய் இல்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம். ஒவ்வொரு சொல்லிலும் பாதி உண்மை உண்டு. சொல்லாமல் விட்ட பாதியில்தான் பலர் பணத்தையும், சிலர் உயிரையுமே தொலைத்திருக்கிறார்கள்.

'நிரந்தரம்' என்பதிலிருந்தே தொடங்கலாம். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்டிரைக் 1952-இல் பின்னந்தலைத் தோலைச் சிறு துண்டுகளாக எடுத்து வழுக்கையில் நட்டார். அந்த முடி நட்ட இடத்தின் குணத்துக்கு மாறவில்லை. பிறந்த இடத்தின் குணத்தோடே வளர்ந்தது. 1959-இல் அவர் வெளியிட்ட இந்த உண்மைதான் இன்றைய தொழில் முழுவதற்கும் அடிப்படை. ஆண்களின் முன்தலை முடியைச் சுருக்கும் டிஹெச்டி ஹார்மோனுக்குப் பின்னந்தலை வேர்கள் எளிதில் பணிவதில்லை. ஆகவே நட்ட முடி பெரும்பாலும் தங்கிவிடும்.

ஆனால் நடாத முடி? அதைப் பற்றி விளம்பரம் வாய் திறப்பதில்லை. அது தன் போக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும். இருபத்தைந்து வயதில் நெற்றியோரம் நட்டுக்கொண்டவருக்கு நாற்பதில் நட்ட வரிசை மட்டும் முன்னால் நிற்க, அதன் பின்னால் தலை காலியாகிவிடலாம். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் வெய்ன் ரூனி 25 வயதில், 2011-இல், முடி நட்டுக்கொண்டதை ஒளிக்காமல் ட்விட்டரில் அறிவித்தார். 2013-இல் மறுபடியும் செய்துகொண்டதாகச் செய்திகள் வந்தன. பணத்துக்குப் பஞ்சமில்லாத அவருக்கே ஒரு முறை போதவில்லை. இதனால்தான் பொறுப்பான மருத்துவர்கள் அறுவைக்குப் பிறகும் மினாக்சிடிலோ, தினம் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டிரைடு மாத்திரையோ எழுதித் தருகிறார்கள். மாத்திரையை நிறுத்தினால் ஓராண்டுக்குள் அதன் பலனும் போய்விடும். சிலருக்குப் பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகளும் வரும். நிரந்தரத்தோடு மருந்துச் சீட்டும் சேர்ந்தே வருகிறது.

அடுத்தது, படத்தில் காட்டும் அந்த அடர்த்தி. இந்த அறுவை புதிதாக ஒரு முடியைக்கூட உண்டாக்குவதில்லை. இருப்பதை இடம் மாற்றுகிறது, அவ்வளவே. நாற்றங்காலில் பறித்த நாற்றுக்குப் பதில் மறுபடி விதைக்கலாம். பின்னந்தலையில் பறித்த இடத்தில் எதுவும் முளைக்காது. ஒன்று முதல் நான்கு முடி கொண்ட இயற்கையான கொத்துக்குத்தான் 'கிராஃப்ட்' என்று பெயர். பெரும்பாலானவர்களிடம் வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக எடுக்கக்கூடியது சுமார் 6,000 கிராஃப்ட். நெற்றி முதல் உச்சி வரை 200 சதுர சென்டிமீட்டர் வழுக்கை என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் நட்டாலும் 8,000 வேண்டும். வழுக்கை காணாத தலையில் இருப்பதோ 65 முதல் 85 வரை. கணக்கு இடிக்கிறது.

ஒரு சலுகை உண்டு: இயல்பான அடர்த்தியில் பாதி இருந்தாலே பார்ப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது. கைதேர்ந்த மருத்துவர் இதை நம்பித்தான் திட்டமிடுகிறார். ஒரே அமர்வில் அள்ளி நடுவதைப் பெருமையாகச் சொல்பவர்களிடம்தான் எச்சரிக்கை தேவை. அளவுக்கு மீறி எடுத்தால் பின்னந்தலையும் திட்டுத்திட்டாக வெளிறிப்போகும். அதைச் சரிசெய்ய வேறு இருப்பு கிடையாது.

'ஒரே நாள்' என்பது நாற்காலியில் உட்காரும் நேரத்தின் கணக்கு. நட்ட முடியில் பெரும்பகுதி இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் கொட்டிவிடும். வேர் மட்டும் உள்ளே தங்கும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் ஏமாந்துவிட்டோம் என்று பதறுகிறவர்கள் ஏராளம். மூன்று, நான்கு மாதத்தில் மெல்லிய முடி எட்டிப் பார்க்கும். முழுப் பலன் தெரிய ஓராண்டு, உச்சந்தலைக்கு அதற்கும் மேல். வலி, மரப்பூசி குத்தும்போது உண்டு. தழும்பும் உண்டு: தோலைப் பட்டையாக எடுத்தால் கோடு, ஒவ்வொன்றாகத் துளையிட்டு எடுத்தால் ஆயிரக்கணக்கில் சிறு புள்ளிகள். மொட்டை அடிக்காதவரை மறைந்திருக்கும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, 'இது சின்ன வேலைதான்' என்ற பேச்சு. ஆறேழு மணி நேர அறுவையில் மரப்பு மருந்து திரும்பத் திரும்ப ஏறுகிறது. அட்ரினலின் கலந்த லிக்னோகெயினுக்கு வழக்கமான உச்சவரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம். அளவு மிஞ்சினால் வலிப்பு வரலாம், இதயம் நிற்கலாம். 2016-இல் சென்னையில், சலூன் உரிமம் மட்டுமே வைத்திருந்ததாகப் பின்னர் தெரியவந்த ஒரு மையத்தில் முடி நட்டுக்கொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். மருத்துவம் படித்தவருக்கே அந்த இடத்தின் ஆபத்து தெரியவில்லை. 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்ய வேண்டும், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று எழுத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகும் கான்பூரில் முடி நட்டுக்கொண்ட இரண்டு பொறியாளர்கள் இறந்த செய்தி 2025-இல் வந்தது.

வட்டத்திட்டாக முடி கொட்டும் புழுவெட்டுக்கும், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் உதிர்வுக்கும் நடவு தீர்வல்ல. தலை முழுக்க மெலியும் பெண்கள் பலருக்கும் பொருந்தாது. எடுக்கும் இடமே மெலிந்திருக்கும்.

சரியான ஆளுக்கு, சரியான வயதில், சரியான கையால் செய்தால் இது நல்ல சிகிச்சைதான். முன்பணம் கட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: துளையிடப்போவது மருத்துவரா, ஊழியரா? அவருடைய பதிவு எண் என்ன? அவசரம் வந்தால் மயக்க மருத்துவர் பக்கத்தில் இருப்பாரா? அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.