என் பெரியவளுக்கு யார் பதில் சொல்வது?

பெண் பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று எங்கள் தெருமுனைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. என் பெரிய மகளைப் படிக்க வைக்கத்தானே செய்தேன்? ஏழாவது வரைக்கும் வைத்தேனே! அங்கிருந்து அவளை இழுத்து வீட்டில் உட்கார வைத்தது நானா, நீங்களா?

திருப்பூரில் நான் சித்தாள் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு மேஸ்திரி முன்னால் நிற்காவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. 2017 ஆவணியில் கடைக்குட்டி பிறந்தான். ஆறு மாதம் முடிந்ததும் எங்கள் பகுதியில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டேன். ஒரே ஓர் அறை. மேலே ஓடு. உத்தரத்தில் இரண்டு தூளி, மூலையில் கஞ்சிப் பாத்திரம். ஆனால் அங்கிருந்த ஆயாம்மா, பிள்ளையின் காதுக்குப் பின்னால் வேர்க்குரு வந்ததைக்கூடப் பார்த்து வைத்திருந்து சாயங்காலம் சொல்வாள். மாதம் 20 ரூபாய் வாங்குவார்கள். அந்தக் காப்பகம் இருந்ததால் நான் வேலைக்குப் போனேன், பெரியவள் பள்ளிக்கூடம் போனாள்.

அவனைச் சேர்த்த வருஷமே காப்பகத்தை மூடிவிட்டார்கள்.

யார் மூடியது? கேட்டால் ஒருவரும் இல்லை. ஆயாம்மாவுக்குப் பல மாதமாகச் சம்பளம் வரவில்லை. அதைச் சம்பளம் என்றா சொல்வது? மாதம் 3,000 ரூபாய், மதிப்பூதியம் என்று அதற்கு ஒரு பேர். அதுவும் வராவிட்டால் அந்தப் பொம்பளை எதைச் சாப்பிட்டு எங்கள் பிள்ளைகளுக்கு ஊட்டுவாள்? நடத்தியவர்கள், பணம் வரவில்லை என்றார்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தேன். “அது சென்ட்ரல் ஸ்கீம்மா, நாங்க என்ன பண்றது?” என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் வந்தது.

எங்கள் தொழிற்சங்கத்தில் இருந்த படித்த பெண் ஒருத்திதான் பிறகு விளக்கினாள். முன்பு காப்பகச் செலவில் நூற்றுக்கு 90 பங்கை டில்லி கொடுத்தது, 10 பங்கை நடத்தும் அமைப்பு போட்டது. 2017 ஜனவரி 1 முதல் டில்லி 60, மாநிலம் 30, அமைப்பு 10 என்று ஆக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், ஒரு கணக்கு மாறியது. மாநிலம் டில்லியைக் கைகாட்ட, டில்லி மாநிலத்தைக் கைகாட்ட, எங்கள் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். 23 ஆயிரத்துக்கு மேல் இருந்த காப்பகங்கள் 2020 மார்ச்சில் நாடு முழுக்க வெறும் 6,453. மற்ற காப்பகங்களில் கிடந்த பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ஒருவராவது தேடினீர்களா? எந்த வீட்டில், யார் இடுப்பில் வளர்ந்தார்கள் என்று கேட்டீர்களா?

அதே 2017 ஏப்ரலில் பேறுகால விடுப்பு 26 வாரம் ஆனது. 50 பேர் வேலை பார்க்கும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று சட்டமே திருத்தினார்கள். நல்லது. அந்த அம்மாக்கள் நன்றாக இருக்கட்டும். எங்களுக்கு? 50 பெண்களுக்கு மேல் இருக்கும் கட்டட வேலையிடத்தில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1996 சட்டத்திலேயே இருந்ததாம். எங்கள் பேரை எந்த ஏட்டில் எழுதினார்கள்? மேஸ்திரிக்குப் பத்துப் பேர் என்று பிரித்து வைத்தால் 50 எங்கிருந்து வரும்?

காப்பகம் மூடியதும் கடைக்குட்டியைச் சைட்டுக்கே தூக்கிக்கொண்டு போனேன். சாரக் கம்பில் சேலையைக் கட்டிப் போட்டேன். சிமெண்ட் தூசியில் ராத்திரி முழுக்க அவனுக்கு இழுப்பு. நடுவில் பால் கொடுக்கப் போனால் அரைநாள் கூலி போச்சு. “புள்ளைய வச்சிக்கிட்டு நீ வேலை பாத்தா மாதிரிதான்” என்றார் மேஸ்திரி. பாட்டி இல்லையா என்று கேட்பீர்கள். என் அம்மா ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனால்தான் அவளுக்குக் கஞ்சி. வீட்டுக்காரருக்குப் பெயின்ட் வேலை, கிடைத்தால் உண்டு.

பேறுகாலப் பணமாவது கிடைத்ததா? கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும், அரசு, பொதுத்துறை ஊழியரும் வேறு சட்டத்தில் அதே மாதிரி உதவி பெறுபவரும்தான் விலக்கு என்று 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2017-ல் வந்த திட்டம் அதை 5,000 ஆக்கி, தலைப்பிள்ளைக்கு மட்டும் என்றது. மாநில உதவி இரண்டு பிரசவத்தோடு சரி. எனக்கு இவன் மூன்றாவது. மூன்றாவது எதற்கு என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். சட்டம் அப்படிக் கேட்கவில்லையே! பிறந்துவிட்ட பிள்ளைக்குப் பசிக்காதா?

கடைசியில் பெரியவளைத்தான் நிறுத்தினோம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. டீச்சர் வீடு தேடி வந்தார். “நல்லாப் படிக்கிற புள்ளையாச்சே, ஏம்மா?” என்றார். நான் வாயைத் திறக்குமுன் இவள் சொன்னாள்: “தம்பி பால்வாடிக்குப் போனதும் வந்துடுறேன் டீச்சர்.” சொல்லிக்கொண்டே அவனை இடுப்பில் ஒரு தூக்குத் தூக்கி ஏற்றிக்கொண்டாள். 14 வயது வரை படிப்பு உரிமை என்று 2009-ல் சட்டம் போட்டீர்களே, அந்த உரிமையை அவள் எந்தக் கையால் பிடித்துக்கொள்வாள்?

அவனுக்கு மூன்று வயது ஆகும் வருஷத்தில் கொரோனா வந்து பால்வாடியையும் பூட்டியது. பூட்டுத் திறந்தபோது இவள் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். கூடப் படித்தவர்கள் இப்போது காலேஜ் பஸ்ஸில் போகிறார்கள். இவள் ஒரு நாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

2022-ல் காப்பகத் திட்டத்துக்குப் பால்னா என்று புதுப் பேர் வைத்தார்கள். ஏறக்குறைய 14 லட்சம் அங்கன்வாடிகள் உள்ள நாட்டில் 17,000-த்தில் காப்பகமும் சேர்த்து நடத்துவோம் என்றார்கள். பேரை மாற்றினால் போதுமா? மற்ற அங்கன்வாடிப் பக்கத்தில் வேலைக்குப் போகும் அம்மாக்களே இல்லையா?

என் மகளுக்கு நீங்கள் இனிமேல் எதையும் திருப்பிக் கொடுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் இன்னொரு சித்தாளின் மகள் ஆறாவது படிக்கிறாள். தம்பிக்கு ஒன்றரை வயது. போன மாதத்திலிருந்து அவள் அடிக்கடி பள்ளிக்குப் போவதில்லை. அவள் பேர் இன்னும் பதிவேட்டில் இருக்கிறது. அதை அடிப்பதற்குள் காப்பகத்தைத் திறங்கள்.