தொண்ணூறு நாள், தொண்ணூறே க்ளிக்

சாம்பல், பழுப்பு, கறுப்பு, வெள்ளை. ஓநாய்க்கு இருக்கற நிறமே இவ்ளோதாங்க. அப்புறம் ஜிம் பிராண்டன்பர்க் எடுத்த ஓநாய்ப் படங்கள்ல மட்டும் எப்படி இத்தனை நிறம்? மனுஷன் நிறத்தை மிருகத்துகிட்ட தேடலை, வெளிச்சத்துகிட்ட தேடினார்ங்கறது என் கட்சி.

1986-ல எல்ஸ்மியர் தீவுல வெள்ளை ஓநாய்களைப் படம் எடுத்தார். வட துருவத்துக்குப் பக்கம். கோடையில அங்க சூரியன் மறையாது, நடுராத்திரியில ரொம்பத் தாழ்ந்து வரும், அவ்வளவுதான். வெள்ளை ரோமம் சினிமா திரை மாதிரி. என்ன வெளிச்சம் விழுதோ அதுதான் அதோட நிறம்!

எனக்கு அதைவிடப் பிடிச்சது 1994-ல வடக்கு மினசோட்டாக் காட்டுல அவர் செஞ்சது. செப்டம்பர் 23-லேர்ந்து டிசம்பர் 21 வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு க்ளிக். அதுவும் ஃபிலிம்ல. சரியா வந்துச்சான்னு அப்பவே பாக்க வழியில்லை. 1997 நவம்பர் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ்ல அந்தப் படங்கள் வந்தப்போ உலகமே பாத்துச்சு.

தேதிகளைக் கவனிங்க. பன்னிரண்டு மணி நேரமா இருந்த பகல் தினமும் சுருங்கி, எட்டரை மணிக்கும் கீழ இறங்கற காலம். ஆனா சூரியன் தாழ்ந்தா வெளிச்சம் அதிகக் காத்தைத் தாண்டி வரணும். நீலம் சிதறிடும், பொன்னிறம் மிஞ்சும். பனி மேல விழற நிழல்ல வானத்து நீலம் இறங்கும். ஒரே படத்துல பொன்னும் நீலமும், ஃபோட்டோஷாப் இல்லாம!

நான் எம்.எஸ். படிக்கறதும் இதே மினசோட்டாதான். மதுரை வெயில்ல வளர்ந்தவனுக்கு, டிசம்பர்ல நாலரைக்கே இருட்டற ஊர்ல மனசும் சேர்ந்து இருட்டிடுது. இங்க இருக்கற நம்ம பசங்க பல பேருக்கு இதே கதைதான். அதனால இந்தக் குளிர்காலம் மொபைல்ல நானும் தினம் ஒரே படம். பெரும்பாலும் கேம்பஸ் அணில்தான் :-) சோகம் ஓடிப்போயிடலை. ஆனா லைப்ரரி சுவர்ல வெயில் எத்தனை மணிக்கு வந்து எப்போ போகுதுன்னு இப்ப எனக்குத் தெரியும். இருட்டைத் திட்டறதை விட்டுட்டு இருக்கற வெளிச்சத்துக்குக் காத்து நிக்கறேன்.

அதனால சொல்றேன், புது லென்ஸ் அப்புறம் வாங்கிக்கலாம். முந்நூறு படம் சுட்டுத் தள்ளிட்டு அதுல ஒண்ணைப் பொறுக்கறதை ஒரு மாசம் நிறுத்திப் பாருங்க. ஒரே க்ளிக்னா பறவை பறந்துடுமேம்பீங்க. பறக்கட்டுங்க. அது பறந்ததையாவது கண்ணால பாத்திருப்போம்ல?