இரண்டில் ஒன்று

'ரிடண்டன்ட்' என்ற வார்த்தை ஆபீஸ் சர்க்குலரில் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். 'நீ தேவைக்கு மேல் இருக்கிறாய், கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பு' என்று அர்த்தம். அதே வார்த்தை கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தால் மரியாதையே தனி. அங்கே தேவைக்கு மேல் ஒன்று இருப்பதால்தான் மற்ற எல்லோருக்கும் வேலை ஓடுகிறது.

நான் பி.காம். சும்மா கிடக்கும் சொத்தைப் பார்த்தால் எங்கள் ஜாதிக்குக் கை பரபரக்கும். 'ஒரு ஸ்விட்ச்சுக்கு எதற்கய்யா இரண்டு பவர் சப்ளை? ஒன்றை விற்றால் என்ன?' என்று கேட்கத் தோன்றும். இந்த ஸ்விட்ச், ஃபேன் போடுகிற ஸ்விட்ச் அல்ல. ஆபீஸின் எல்லாக் கம்ப்யூட்டர் ஒயர்களும் வந்து சேருகிற ஜங்ஷன் பெட்டி. 19 அங்குல அகல இரும்பு ரேக்கில், ஒரு தட்டு 1.75 அங்குல உயரம் என்ற கணக்கில், அடுக்கு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கும். அதன் முதுகில் நீளமான டிபன் பாக்ஸ் போல இரண்டு பெட்டிகள். அவைதான் பவர் சப்ளை. 230 வோல்ட்டை வாங்கி, உள்ளே இருக்கும் நுட்பமான சமாச்சாரங்களுக்கு ஏற்ற சின்ன டி.ஸி. வோல்ட்டாக மாற்றிக் கொடுப்பவை. பொதுவாக இரண்டும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்று மண்டையைப் போட்டால் மற்றது முழுச் சுமையையும் தூக்கிக்கொள்ளும். மெஷினை நிறுத்தாமலே செத்ததை உருவிவிட்டுப் புதியதைச் சொருகலாம். ஓடுகிற லாரிக்கு டயர் மாற்றுகிற வித்தை!

லாரிக்கு முடியாதது இதற்கு முடியும். முடியும் என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது.

தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் சென்னையில் இந்த வேலை செய்கிறார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கூடப் போய்ப் பார்த்தேன். பெட்டிகளில் ஒன்றில் ஆரஞ்சு விளக்கு, மற்றதில் பச்சை. மனிதர் பத்து நிமிஷம் எதையும் தொடவில்லை. பாண்ட் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு கோயில் சிற்பம் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டுப்போனது எதுன்னு விளக்கே சொல்லுதே, இன்னும் என்ன பார்க்கறீங்க?" என்றேன்.

"செத்தது செத்ததுதான் சார், அது எங்கே ஓடிடப் போகுது? உயிரோட இருக்கறது நிஜமாவே தாங்குமான்னுதான் பார்க்கணும்" என்றார்.

கெட்டுப்போன பெட்டி ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அதை மாற்ற ஒரு மணி நேரம் தாமதமானாலும் யாரும் கவனிக்கப் போவதில்லை. கையில் இருக்கும் நல்லதைத் தப்பித் தவறி உருவினால், அந்தக் கணமே மொத்த மாடியும் இருட்டு. விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், ஆனால் கம்ப்யூட்டரில் எல்லாரும் அநாதை.

தப்பாக உருவ எத்தனை வழிகள் என்கிறீர்கள்! முதலில், இடது வலது. ரேக்கின் முன்னால் நின்றால் இடது, பின்பக்கம் போனால் அதே வலது. ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து மனைவி வழி சொல்வது மாதிரி. அடுத்தது எண். சில கம்பெனி மெஷின்கள் 1, 2 என்று எண்ணும். சில, 0, 1 என்று எண்ணும். கம்ப்யூட்டரில் 'பவர் சப்ளை 1 பழுது' என்று வந்தால் அது முதல் பெட்டியா, இரண்டாவதா? மெஷினுக்கு மெஷின் வேறு. மூன்றாவது ஒயர். ரேக்கின் பின்னால் எல்லா ஒயரும் கறுப்பு, எல்லாம் ஒரே தடிமன், எல்லாம் ஜடை பின்னிக்கொண்டு.

அவர் கூட வந்திருந்த பையனை அழைத்தார்.

"தம்பி, விரலை வெச்சுக் காட்டிச் சொல்லு."

"வலது பெட்டி, ஆரஞ்சு, ஒயர் லேபிள் பி-7, அண்ணே."

"அந்தக் கோடி?"

பையன் ஒயரைக் கையாலேயே பிடித்துக்கொண்டு பிளக் பாயின்ட் வரை போய், "இங்கயும் பி-7, அண்ணே" என்றான்.

குழந்தைத்தனமாக இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் ரயில் ஓட்டுகிறவர்கள் சிக்னலைப் பார்த்ததும் விரல் நீட்டி, வாய்விட்டுச் சொல்கிறார்கள். கண் பார்த்ததைக் கை காட்டி, வாய் சொல்லி, காது கேட்டால், மூளை தூங்குவது கஷ்டம்.

பிறகு வேலை ஆரம்பித்தது. பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

புதுப் பெட்டியைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பழையதை உருவிவிட்டு மாற்றைத் தேடி ஸ்டோர்ஸுக்கு ஓடக்கூடாது. காலி ஓட்டை வழியே காற்று கசிந்து, உள்ளே போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் மெஷின் சூடேறும். மாற்று வர நாளாகுமென்றால் அந்த ஓட்டைக்கு ஒரு மூடி உண்டு, அதைப் போடவேண்டும்.

இரண்டு பெட்டியின் மாடல் எண்ணையும் வாட்டையும் ஒப்பிட்டார். காற்று வீசும் திசையையும் பார்த்தார். சில பெட்டியில் விசிறி முன்னிருந்து பின்னுக்கு வீசும், சிலதில் பின்னிருந்து முன்னுக்கு. சிஸ்கோவின் நெக்ஸஸ் ரகத்தில் இதற்காகவே கைப்பிடியில் நீலம், அரக்குச் சிவப்பு என்று நிறம் வைத்திருக்கிறார்கள். ஒரே மெஷினில் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் வீசினால் சூட்டைத் தங்களுக்குள்ளேயே பந்தாடிக்கொண்டிருக்கும்.

மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றி மேஜையில். உலோகம் கரண்ட்டுக்கு நல்ல பாலம். (ராசிக்கல் மோதிரம் போட்டிருப்பவர்கள் சனி பகவானிடம் பத்து நிமிஷம் பர்மிஷன் வாங்கிக்கொள்ளவும்.)

மணிக்கட்டில் ஒரு பட்டை. அதன் ஒயர் ரேக்கின் எர்த்தில். ஏ.ஸி. அறையின் வறண்ட காற்றில் உடம்பில் நிலை மின்சாரம் சேரும். நமக்குச் சுரீர் என்று உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்புகள் 100 வோல்ட்டுக்குள்ளேயே காலி. அந்தப் பட்டையில் ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. சிப்புக்காக அல்ல, நமக்காக. தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும், பட்டை வழியாக ஓடும் கரண்ட் கால் மில்லி ஆம்பியருக்குள் அடங்கிவிடும்.

முதலில் ஒயர், பிறகுதான் பெட்டி. ஒயரை உருவி, விளக்கு அணைகிற வரை காத்திருந்தார். தாழ்ப்பாளை அழுத்தி, கைப்பிடியை ஒரு கையால் இழுத்து, மறு கையால் அடியில் தாங்கிக்கொண்டார். புதியதன் பின்பக்கத் தங்கப் பற்களைத் தொடாமல் 'க்ளிக்' வரும்வரை தள்ளினார். கடைசியில்தான் ஒயர். பச்சை விளக்கு. ஒயரைப் பிடிக்கும் க்ளிப்பை மாட்டினார். கம்ப்யூட்டரிலும் பார்த்து இரண்டும் சௌக்கியம் என்று உறுதி செய்த பிறகே வாட்ச்சைக் கட்டினார்.

பழைய பெட்டியைத் திறந்து பார்க்கப் பையனுக்கு ஆசை. அவர் விடவில்லை. 230 வோல்ட் ஏ.ஸி.யை டி.ஸி. ஆக்கினால் உச்சம் 325 வோல்ட். இந்த ரகப் பெட்டிகளில் உள்ளே 400 வரை ஏற்றுவார்கள். ஒயரை உருவிய பிறகும் கெபாசிட்டர் அதைக் கொஞ்ச நேரம் முந்தானையில் முடிந்து வைத்திருக்கும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பக்கம் வேலை செய்பவர்களுக்கு ஒரு வரி. அங்கே மைனஸ் 48 வோல்ட் டி.ஸி. வோல்ட் குறைவு, ஆனால் பேட்டரி கொட்டுகிற ஆம்பியர் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்பானர் குறுக்கே விழுந்தால் வெல்டிங் பட்டறைதான். முதலில் பிரேக்கரை ஆஃப் செய்து, வேறு யாரும் போட்டுவிடாமல் சீட்டுக் கட்டுங்கள். எர்த் ஒயர், மாட்டும்போது முதலில், கழற்றும்போது கடைசியில்.

*

இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு இரண்டு பெரிய விஷயம்.

2016 ஆகஸ்ட் 8. அமெரிக்காவின் டெல்டா விமானக் கம்பெனி. அட்லாண்டா கம்ப்யூட்டர் மையத்தில் கரண்ட் தகராறு. மாற்று மின்சாரம் இருந்தது. ஆனால் சுமார் 7,000 கருவிகளில் 300 அதனோடு சரியாக இணைக்கப்படவில்லை. மூன்று நாளில் 2,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. இரண்டு ஒயர் இருந்தால் போதாது, இரண்டும் வேறு வேறு இடத்திலிருந்து வரவேண்டும். இரண்டையும் ஒரே பிளக் பலகையில் சொருகிவிட்டு நிம்மதியாகத் தூங்குவது, வீட்டுச் சாவியையும் டூப்ளிகேட் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பது மாதிரி. இரண்டு யு.பி.எஸ்.களிலும் தலா 60 சதவிகித பாரமா? ஒன்று போனால் மற்றதன் தலையில் 120. அதுவும் போகும். ஆளுக்குப் பாதிக்குள் இருக்கவேண்டும். இந்தக் கணக்குக்கு பி.காம். போதும்.

2017 மே 27. பிரிட்டிஷ் ஏர்வேஸ். லண்டன் ஹீத்ரோ அருகே கம்ப்யூட்டர் மையத்தில் ஓர் இன்ஜினீயர் மின் சப்ளையைத் துண்டித்தார். அதைவிடப் பெரிய சேதம், முறையில்லாமல் திரும்பக் கொடுத்தபோது எகிறிய கரண்ட்டால் என்று தாய்க் கம்பெனியின் தலைவர் வில்லி வால்ஷ் சொன்னார். சுமார் 75,000 பயணிகள் நடுவழியில். அது ரேக் பெட்டியல்ல, கட்டடத்துக்கே உரிய சப்ளை. பாடம் ஒன்றுதான்: கழற்றுவதைவிட மாட்டுவதில் அவசரம் ஆகாது.

கவனித்தீர்களா? செய்தியில் 'ஓர் இன்ஜினீயர்' வந்துவிட்டார். அவருக்கு யார் அனுமதி எழுதிக் கொடுத்தார்கள், கூட யாராவது நின்றார்களா என்பதெல்லாம் தலைப்பில் வருவதில்லை. அதனால் கான்ட்ராக்டில் இந்த வேலை பார்க்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு போன் செய்து 'போய் அந்தப் பெட்டியை மாத்திடுப்பா' என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மெஷின், எந்தப் பெட்டி, எழுத்தில் அனுப்புங்கள். இந்த மாடலை ஓடும்போதே மாற்றலாமா, நிறுத்திவிட்டா? (பவர் சப்ளை உள்ளேயே பொருத்தப்பட்ட சின்ன மெஷின்கள் ஏராளம்.) கூட நிற்பது யார்? பதில் வரும்வரை கை பாக்கெட்டிலேயே இருக்கட்டும். 'பயந்தாங்கொள்ளி' என்பார்கள். பரவாயில்லை. ஆஸ்பத்திரி ரேக் என்றால் அந்த ஒயரின் மறுகோடியில் யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் காத்திருக்கிறது.

வேலை முடிந்ததும் ரெஜிஸ்டரில் எழுதிவிட்டு வாருங்கள்: தேதி, நேரம், சீரியல் நம்பர், கையெழுத்து. 'குறிப்பு' என்ற கடைசிக் காலத்தில் அந்த இன்ஜினீயர் எழுதியது இரண்டே வார்த்தை: 'ஒன்றும் நடக்கவில்லை.'

இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் கிடையாது. இன்க்ரிமென்ட்டும் கிடையாது என்பது வேறு விஷயம்!