தலைவர் இல்லாத கூட்டம்

மலாயாத் தோட்டங்களில் மதுவை எதிர்த்து நம்மவர் நடத்திய போராட்டங்களுக்குக் குறைவில்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள், ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. யுத்தம் முடிந்த கையோடு, கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசல்களில் மறியல் செய்தது. கள்ளில் வந்த லாபத்தை ஒரு நிதியாகச் சேர்த்து, அதிலிருந்தே தொழிலாளருக்கு நன்மை செய்வதாகக் கணக்குக் காட்டிய விசித்திரமான ஏற்பாடு நிலவிய காலத்தில், அந்தக் கோபம் முற்றிலும் தர்மமானது. ஆனால் அப்பிரசாரம் கடையைப் பற்றிப் பேசிய அளவுக்கு, கடையிலிருந்து தள்ளாடியபடி லயத்துக்குத் திரும்பிய மனிதனோடு பேசவில்லை. கள்ளுக்குப் பின் சம்சு என்னும் மலிவுச் சாராயம் வந்தது. மலேசியாவில் 2017 டிசம்பரில் மது வாங்கும் வயதை 18-இலிருந்து 21-ஆக உயர்த்தினார்கள். நல்ல சட்டந்தான், ஆயினும் நாற்பது வயதில் குடியை விட எண்ணுகிறவனுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், பகாவ் பக்கத்துத் தோட்டங்களில், பால்மரம் போய்ச் செம்பனை வந்த பின்னும், அப்படி எண்ணுகிறவனுக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் உபாயம் ஒன்றே: அம்மன் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய். அந்தச் சத்தியத்தை நான் பரிகசிக்கவில்லை. தோட்டத்து மாரியம்மனுக்குத் தீமிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டவன், அதுவரை ஒரு நாளும் புட்டியைத் தொடாமல் இருந்தறியாதவனாயினும், விரதம் முடியும்வரை அதன் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. காப்பை அவிழ்த்த அன்று மாலையே பழையபடி ஆகிவிடுகிறான் என்பதும் எல்லாரும் கண்டதே. அவனுக்குத் திடசித்தம் இல்லையென்பது அபாண்டம். விரத நாட்களில் அவனைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. அவர்களோடு ஒரே பந்தியில் உண்டான், ஒரே கட்டுப்பாட்டில் நின்றான். காப்பு அவிழ்ந்ததும் அந்தக் கூட்டம் கலைந்துபோயிற்று. பழைய கூட்டாளிகள் மாத்திரம் மிஞ்சினார்கள்.

கலையாத கூட்டம் ஒன்றை உண்டாக்க முடியுமா என்ற கேள்விக்கு, 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு விடை கிடைத்தது. பில் வில்சன் என்ற பங்குத் தரகர், குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், வந்த காரியம் கெட்டு, தங்கியிருந்த ஓட்டலின் மதுச்சாலை கண்ணெதிரே இழுக்க, தம்மைப்போலவே குடியில் விழுந்த இன்னொருவரோடு பேசினால் தப்பலாம் என்று தொலைபேசியில் ஆள் தேடினார். அப்படி அகப்பட்டவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவ்விருவரின் பேச்சிலிருந்து வளர்ந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் சங்கம். அங்கே கட்டணம் இல்லை, பதிவேடு இல்லை. முழுப்பெயரை ஒருவரும் கேட்பதில்லை. வாடகைக்கும் காப்பிக்கும் வந்தவர்களே இயன்றதைப் போடுகிறார்கள். இதைப் பஜனை மடம் என்று அலட்சியம் செய்வோருக்கு ஒன்று சொல்லலாம்: 27 ஆய்வுகளையும், அவற்றில் பங்குகொண்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களையும் பரிசீலித்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, தொடர்ந்து குடியாதிருக்கச் செய்வதில் இம்முறை மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததல்ல, பல சமயங்களில் மேலானது என்று 2020-இல் எழுதிற்று.

கோலாலம்பூரில் இத்தகைய கூட்டங்கள் உண்டு. ஆனால் ஜெராம் பாடாங் தோட்டத்தில் பொழுது விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆஜர் கொடுக்க, நிற்கவேண்டியவன், வேலை முடிந்து தலைநகருக்குப் பிரயாணம் செய்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, இரவோடிரவாகத் திரும்புவது நடக்கிற காரியமன்று. சரி, தோட்டத்திலேயே நடத்தலாமே என்றால், ஒரு வீட்டில் தும்மினால் எட்டாவது வீட்டில் ‘ஆயுசு நூறு’ என்று சொல்லும் லயத்தில் அந்தரங்கம் ஏது? ஆகையால் அவன் மோட்டார் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், அவனை அறியாத ஊரில், தமிழிலேயே நடக்கும் கூட்டம் வேண்டும். சிரம்பானிலோ பகாவிலோ ஒரு கோவில் மண்டபத்துப் பின்கட்டு அதற்குப் போதும்.

இங்கேதான் எனக்கு நம்மவரைப் பற்றி ஒரு பயம். மண்டபம் கொடுத்த கையோடு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று நிர்வாகக் குழு அமைத்து, குத்துவிளக்கேற்றி, மாண்புமிகு ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘குடியை விட்ட உத்தமர்கள்’ என்று பத்திரிகையில் படமும் போட்டுவிடுவோம். மறுவாரம் ஒருவனும் வரமாட்டான். குடிகாரன் நம்மிடம் வேண்டிய அளவு உபதேசம் கேட்டுவிட்டான். தன் சம்பளக் கவர் எங்கே போயிற்றென்று தானே சொல்லி, கேட்டவன் முகம் சுளிக்காமல் ‘எனக்கும் அப்படித்தான்’ என்பதைக் கேட்கவே அவன் வருகிறான்.

ஒரு எச்சரிக்கை மாத்திரம் அவசியம். நெடுங்காலம் நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் நடுக்கமும் வலிப்பும் சித்தப்பிரமையும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம். அவன் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவமனை. வைத்தியத்தையே ஊருக்குக் கொண்டுபோன முன்மாதிரியும் நமக்குண்டு: சாந்தி ரங்கநாதன் சென்னையில் 1980-இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் நிலையத்தார், 1989-இல் தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடியில், ஊரார் ஒத்துழைப்போடு குடிநோய்ச் சிகிச்சை முகாம் நடத்தினார்கள். நம் தோட்டங்களை நிர்வகிக்கும் பெருங்கம்பெனிகள் இதைப் படித்துப் பார்க்கலாம்.

கூட்டத்தைச் சம்பளம் போடும் நாளை ஒட்டி வைப்பது உசிதம். சோதனை வருவது அன்றைக்குத்தான். பக்கத்து அறையில் பெண்களுக்கென்று இன்னொன்றும் நடக்கட்டும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் முதலியோர் 1951-இல் அல்-அனான் என்ற பெயரில் குடும்பத்தாருக்கெனத் தனிச் சங்கமே அமைத்தார்கள். மண்டோரிடம் முன்பணம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன நம் வீட்டுப் பெண்கள் அங்கே வந்து உட்காருவதற்கு, கணவன் குடியை விட்டிருக்கவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது.