பொனற்றுக்குள் இருந்த சிறு தாங்கி

கனடாவில் வாழும் நண்பரொருவர் சென்ற மாதம் சில ஒளிப்படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். தகப்பனார் யாழ்ப்பாணத்தில் விட்டுச்சென்ற ஒஸ்ரின் ஏ40 பிக்கப் வாகனத்தைப் பெருஞ்செலவில் புதுப்பித்திருக்கிறார். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததைப் போலவே இப்போதும் இருக்கிறது என்று பெருமையோடு எழுதியிருந்தார். பொனற் திறந்திருந்த படத்தை நெடுநேரம் பார்த்தேன். அங்கே இருந்திருக்க வேண்டிய ஒன்றைக் காணவில்லை. கேட்டேன். "அந்தத் தகரத் தாங்கியோ மச்சான்? கழட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு" என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

இளையவர்களுக்காகச் சற்று விளக்க வேண்டும். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபின் அரசாங்கம் வடக்கின் மீது பொருளாதாரத் தடையை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து அனுப்பப்பட்டது. ஆகவே பெற்றோலில் ஓடப் பிறந்த கார்களும் பிக்கப்புகளும் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின.

ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் எளிதில் ஆவியாகாது. எஞ்சினைக் கிளப்பப் பெற்றோல்தான் வேண்டும். எனவே வாகனத்தின் சொந்தத் தாங்கி மண்ணெண்ணெய்க்குப் போனது. இடமிழந்த பெற்றோல் பொனற்றுக்குள் குடியேறியது. காபரேற்றருக்குச் சற்று உயரத்தில், ஒரு போத்தல் கொள்ளும் தகரத் தாங்கி. அதிலிருந்து ஒரு குழாய், திறந்து மூட ஒரு திருகி. எஞ்சின் சூடானதும் பெற்றோலை மூடி மண்ணெண்ணெய்யைத் திறக்க வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். தவறினால் மறுநாள் காலையில் தெருவில் நின்று தள்ள வேண்டியதுதான்.

இந்த முறை உலகுக்குப் புதிதன்று. 1940களின் இறுதியில் வெளிவந்த பேர்குசன் உழவு இயந்திரங்களில் மண்ணெண்ணெய் சார்ந்த எரிபொருளில் ஓடிய வகைக்கும் இவ்வாறே இரண்டு எரிபொருள்கள் இருந்தன. ஆனால் அங்கே பொறியியலாளர்கள் அதற்கேற்ப எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் குறைத்து வடிவமைத்தார்கள். நமது கராஜ்காரர்களுக்கு அந்த வசதி ஏது? எஞ்சின் இடித்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்தது. தெருவெல்லாம் வெண்புகையும் நாற்றமும்.

இதைத்தான் இன்று சிலர் "தமிழன் மூளை" என்று மேடைகளில் கொண்டாடுகிறார்கள். அந்தக் கைத்திறனை நானும் மதிக்கிறேன். ஆயினும் கழுத்தில் கயிறு இறுகும்போது மூச்சுவிடக் கற்றுக்கொண்டவனைப் பாராட்டுவோர், கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பற்றி ஏன் பேசுவதில்லை? தடையை விதித்த அரசையும், அதைப் பயன்படுத்திப் பதுக்கிய நம்மவரையும் சேர்த்தே பேச வேண்டும்.

பல்கலைக்கழகக் கலைப்பீடத்தை விட்டு வெளியேறியதும் நான் ஒரு பத்திரிகையில் ஒப்புநோக்குநராகச் சேர்ந்தேன். எங்கள் விநியோக வாகனமும் இப்படியொரு பிக்கப்தான். ஒரு விடியற்காலையில் கட்டுகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது சிறு தாங்கியின் திருகி கசிந்து பொனற்றுக்குள் தீப்பிடித்தது. மணல் போட்டு அணைத்தோம். சாரதி அண்ணையின் வலது கை முழங்கைவரை வெந்துபோனது. மறுநாள் பத்திரிகையில் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. எவரும் தடுக்கவில்லை. குண்டுவீச்சும் இடப்பெயர்வும் நிறைந்திருந்த பக்கங்களில் அது ஒரு செய்தியாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. இப்படி எழுதப்படாமல் போன தீக்காயங்கள் எத்தனை? அவற்றுக்கு எஞ்சியிருக்கும் சாட்சி அந்தத் தகரத் தாங்கிகள்தான்.

சூடான எஞ்சினுக்கருகே பெற்றோல் வைத்திருப்பது வெடிகுண்டு வைத்திருப்பதற்கு ஒப்பானது என்று நண்பர் வாதிக்கிறார். உண்மை. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும். பெற்றோலுக்கோ பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையே போதும். ஆகவே குழாயை வெட்டுங்கள். தாங்கியை வடித்துக் கழுவி உலர்த்துங்கள். பெற்றோலை அதன் பழைய இடத்துக்கே அனுப்புங்கள். ஆனால் வெறுந்தாங்கியை இருந்த இடத்திலேயே திருகி வையுங்கள். அதனால் எவருக்கும் தீங்கில்லை.

2022இல் நாடே எரிபொருள் வரிசையில் நின்றபோது, தெற்கிலிருந்து சக பத்திரிகையாளர்கள் எனக்குத் தொலைபேசி எடுத்து, நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். அதை முன்னரே கேட்டிருக்கலாம் என்று நினைத்தேன். இன்று நம்மவரே நமது பதிலைக் கழற்றி எறிகிறார்களே என்பதுதான் என் ஆத்திரம். தொழிற்சாலையை விட்டு வந்த நாளோடு ஒரு வாகனத்தின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. அந்த பிக்கப் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. ஆனால் வாழ்ந்தது யாழ்ப்பாணத்தில்.

ஆகவே, ஊரிலுள்ள தகப்பன்மாரின் வாகனங்களைப் புதுப்பிக்கப் புறப்படும் அன்பர்களே, முதலில் பொனற்றைத் திறந்து பாருங்கள். அங்கே தகரத்தில் ஏதாவது இருந்தால், கழற்றுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் அதன் கதையைக் கேளுங்கள்.

நண்பரின் வாகனத்துத் தாங்கியைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்கு நாளை நானே போகிறேன். கிடைத்தால் எழுதுகிறேன்.