காசில்லாத உடம்புக்கு மருந்து தேடுவது யார்?

நோய்க்குச் சாதி கிடையாது என்கிறார்கள். கொசுவுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானித்தவனுக்குத் தெரியும். பருத்திப்பட்டில் கூவம் கரையில் நின்று பாருங்கள், தோழர்களே. யானைக்கால் புழுவைச் சுமக்கிற க்யூலக்ஸ் கொசு பெருகுவது தேங்கி நிற்கும் அழுக்குத் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீரில் இறக்கிவிடப்பட்டவர்கள் யார், அதன் ஓரத்திலேயே குடிசை போடத் தள்ளப்பட்டவர்கள் யார் என்று நான் சொல்லித்தான் தெரியணுமா?

சாக்கடையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். மருந்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

யானைக்காலுக்கு இன்றும் தருகிற டி.இ.சி. மாத்திரை 1947-ல் வெளிவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப்போன எல்லாப்பிரகடா சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் நடத்திய குழுவின் வேலை அது. நம்ம செங்கல்பட்டுச் சீமையில் தலைமுறை தலைமுறையாய்க் கால் வீங்கிக் கிடந்தார்களே, அவர்களுக்காகவா தேடினார்கள்? இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களை இந்தப் புழு தொட்டது. அப்புறம்தான் தேடல் சூடு பிடித்தது. அந்த மாத்திரையும் ரத்தத்தில் திரியும் குஞ்சுப் புழுக்களைத்தான் கொல்லும். நிணநீர்க் குழாயில் வருஷக்கணக்கில் குடியிருக்கிற பெரிய புழு முழுசாய்ச் சாவதில்லை. வீங்கிப்போன கால் பழைய காலாவதும் இல்லை.

அடுத்த பெரிய மருந்து ஐவர்மெக்டின். ஜப்பான் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து வந்தது. 1981-ல் ஆடு மாடு குதிரைக்காகச் சந்தைக்கு வந்துவிட்டது. ஆற்றோரக் குருட்டு நோயால் பார்வை போன ஆப்பிரிக்கருக்கு 1987-ல்தான் மெர்க் கம்பெனி இலவசமாய்த் தந்தது. மனிதருக்குச் சோதித்துப் பார்க்க வருஷமாகும், சரி. ஆனால் தேடலே மாட்டுக்காகத்தானே தொடங்கியது! மாட்டுக்குச் சொந்தக்காரன் இருக்கிறான், அவன் பையில் காசு இருக்கிறது.

இன்னொரு கதை கேளுங்கள். தூக்க நோயில் சாகக் கிடந்தவர்களைப் பிழைக்கவைத்த எஃப்ளோர்னிதின் ஊசியை லாபமில்லை என்று 1990-களின் நடுவில் நிறுத்தினார்கள். அதே சரக்கு 2000-ல் அமெரிக்காவில் பெண்களின் முகரோமத்தைக் குறைக்கும் களிம்பாய் வந்தது! உலகம் சத்தம் போட்ட பிறகு 2001-ல்தான் ஊசி திரும்பியது.

1975 முதல் 1999 வரை உலகச் சந்தைக்கு வந்த புதிய மருந்துகள் 1393. வெப்பமண்டல நோய்களுக்கும் காசநோய்க்கும் சேர்த்து அதில் 16. வங்கிக் கவுண்டரில் உட்காருகிற எனக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. ஜாமீன் காட்டச் சொத்தில்லாதவன் மனு எந்த மேசையிலும் நகராது. ஆய்வுக்கூடத்து மேசையில் நம்ம உடம்பும் அந்த மனு மாதிரிதான்.

கம்பெனி தர்மம் செய்கிறதே என்று கும்பிடச் சொல்கிறார்கள். தர்மம் கொடுக்கிறவன் இஷ்டம். ஆராய்ச்சி நம் உரிமை. லக்னோவில் 1951-ல் திறந்த மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் நம் வரிப்பணத்தில் நடக்கிறது. மலேரியாவுக்கு ஆர்ட்டீத்தர் ஊசியை உருவாக்கியதும் அதுதான். ஆக, முடியாது என்ற பேச்சு எடுபடாது. 2015-க்குள் யானைக்காலை ஒழிப்போம் என்று 2002-ல் எழுதிய அரசு இப்போது 2027 என்கிறது. கெடுவைத் தள்ளிப்போடத் தெரிந்தவர்கள், பெரிய புழுவை ஒரே தவணையில் கொல்லும் மருந்துக்கு எத்தனை ரூபாய் ஒதுக்கினார்கள் என்று கணக்குக் காட்டட்டும்.

வேதியியலும் உயிரியலும் படிக்கிற நம்ம பிள்ளைகளே, ஆய்வுத் தலைப்பு எடுக்கும்போது உங்கள் தெருவில் இருக்கிற நோயை எடுங்கள். "அதுக்கு மார்க்கெட் இல்லப்பா" என்று வழிகாட்டி சொன்னால், மார்க்கெட் யாருடையது என்று அங்கேயே, அவர் முகத்துக்கு நேராய்க் கேளுங்கள்.